உன் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம்

நித்யா,

ஞாயிற்றுக்கிழமை மாலை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒத்துக்கொண்டேன் என்றுதான் நம் வீட்டில் இத்தனை வருடமாக அர்த்தம். இந்த முறை அப்படி இல்லை. நேரில் உட்கார்ந்து பேசலாம்தான். ஆனால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், மீதியை நீயே எனக்காகச் சொல்லி முடித்துவிடுவாய், முடிவில் நீ நினைத்ததையே நானும் நினைத்ததாக ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன். இதில் வருவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கே எது எங்கே கோணியது என்று பிடிபடும் போலிருக்கிறது.

நீ கேட்டது இதுதான். கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை ஸ்ரீராம்புரத்தில் நம் ஆட்களுக்கென்று தனியாக ஒரு விருந்து. புத்த விகாரையில் வந்தனம். சம்பத் மாமா அங்கே முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தட்டும். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கார்த்திக் வீட்டுச் சொந்தங்களும், உன் ஆபீஸ், என் ஆபீஸ் ஆட்களும். அங்கே மாமா வர வேண்டாம். மாலை போட்டு உன் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவர, தாய்மாமன் இடத்தில், எங்கள் கம்பெனி டைரக்டரை நிறுத்திக்கொள்ளலாம். நீ பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்ததிலிருந்து அவர் உன்னை அறிந்தவர், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றாய். எனக்கு அண்ணன் ஒருவர்தான். உனக்குத் தாய்மாமன் ஒருவர்தான். அந்த ஒருவருக்கு உன் கல்யாணத்தில் இடம் உண்டா இல்லையா என்பதைத் தவிர இந்தக் கடிதத்தில் வேறு விஷயம் இல்லை.

அதே போன் பேச்சில், இன்னொன்றும் கேட்டாய். கல்யாணம் முடிந்து ஹைதராபாத் போனதும் உன் கம்பெனியில் டைவர்சிட்டி பிரிவைத் தொடங்கும் பொறுப்பு உன்னிடம் வருகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, எதில் ஏமாந்துபோவோம் என்று எழுதி அனுப்பு என்றாய். முதல் கேள்வியைக் கேட்ட மூச்சிலேயே இரண்டாவதையும் கேட்டாய். இரண்டும் வேறு வேறு என்று நீ நினைத்ததுதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாமல் செய்கிறது.

உன் அப்பா இறந்த வருடம் உனக்கு ஒன்பது வயது. எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்குப் பொம்மசந்திராவில் சுவிட்சு செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெர்சனல் பிரிவில் உதவியாளர் வேலை கிடைத்தது. விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், திரும்ப இருட்டிவிடும். உன்னை எங்கே விடுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது சம்பத் அண்ணன் ஒரு தட்டு ரிக்‌ஷாவோடு வந்து நம் பாத்திரங்களை ஏற்றிவிட்டார். கேட்கவே இல்லை. ஸ்ரீராம்புரத்தில் அவருக்கு இருந்தது ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும். அந்த அறையை நமக்குக் கொடுத்துவிட்டு அவரும் அஞ்சலை அண்ணியும் சமையல் மூலையில் படுத்தார்கள். அவர் கார்ப்பரேஷன் குப்பை லாரியில் ஏறும் வேலை. காலையில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து லைஃப்பாய் போட்டுத் தேய்த்துக் குளிப்பார், சாப்பிடுவார், கொஞ்சம் படுப்பார், எழுந்து மறுபடியும் குளிப்பார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் உன் பள்ளிக்கூடத்துக்கு வருவார். ஆனால் வாசலுக்கு வரமாட்டார். எதிர்ப்பக்கத்துப் பீடிக்கடையோரம் நின்றுகொள்வார். நீதான் ரோட்டைத் தாண்டி அவரிடம் ஓடுவாய். ஏன் அங்கே நிற்கிறாய் என்று நான் ஒரு முறை கேட்டேன். மற்ற குழந்தைகளின் அப்பா அம்மாவெல்லாம் வாசலில் நிற்கிறார்கள், இடம் போதவில்லை என்றார். அந்த வாசல் எவ்வளவு அகலம் என்று உனக்கும் தெரியும்.

அந்த வருடக் கடைசியில்தான் காவிரிக் கலவரம். எங்கள் தொழிற்சாலையில் அத்திபெலேயிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் வாரக்கணக்கில் வரவில்லை. ஒருவழியாக அடங்கி அவர்கள் வேலைக்குத் திரும்பியபோது, மேனேஜர் அவர்களையெல்லாம் பின்பக்கத்து பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார். அவர்கள் பாதுகாப்புக்காக, நிலைமை சரியாகும் வரைக்கும் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பின் ஷெட்டுக்கு ஒரு தனி டீக் கவுன்ட்டர் வந்தது, முன்பக்கம் வந்து போவது சிரமம் என்று. பிறகு சாப்பாட்டு நேரத்தையும் தள்ளிவைத்தார்கள், கூட்டம் குறையட்டும் என்று. ஊர் அமைதியாகிப் பல மாதமானபிறகும் யாரும் யாரையும் திரும்ப அழைக்கவில்லை. ஒருநாள் புதிதாகச் சேர வந்த பெண்ணின் பெயரைப் படித்துவிட்டு என் மேஜைக்கு எதிரே இருந்த கிளார்க், இவள் முன் ஷெட்டா பின் ஷெட்டா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷெட்டின் பெயர் ஆட்களின் பெயராகிவிட்டிருந்தது. கலவரம் செய்தவர்கள் தொழிற்சாலைக்குள் கால் வைக்கவே இல்லை. உள்ளே நடந்ததையெல்லாம் நல்லவர்கள்தான் செய்தார்கள்.

அதை மாற்ற எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நியாயம் பேசியிருந்தால் மேனேஜர் என்னைப் பாராட்டிவிட்டு அனுப்பியிருப்பார். அதனால் பழுதான சுவிட்சுகளைப் பற்றிப் பேசினேன். முன் ஷெட்டுக்காரர்கள் பேக்கிங்கில் உடைகிறது என்றார்கள், பின் ஷெட்டுக்காரர்கள் வரும்போதே உடைசல் என்றார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே வரிசையில் கலந்து உட்கார வைத்தால் சண்டை தீரும் என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்குச் சரக்குதான் கவலை, ஒத்துக்கொண்டார். பின்பக்க டீக் கவுன்ட்டரை ரிப்பேர் என்று சொல்லி மூடினேன், திறக்கவே இல்லை. ஒரு வாரம் இருதரப்பும் முன் கவுன்ட்டரில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாகத்தான் நின்றார்கள். பிறகு ஒருநாள் ஒரு கன்னடப் பெண் டீக்காரரிடம் அரைகுறைத் தமிழில், இன்னைக்கு வெறும் சுடுதண்ணியா என்று சண்டைக்குப் போனாள். பின் ஷெட்டிலிருந்து வந்த ஒருத்தி, நேற்று அந்தச் சூடுகூட இல்லை என்று கன்னடத்தில் சொன்னாள். டீக்காரரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். என் உத்தியோகத்தில் நான் செய்ததில் எனக்கே நம்பிக்கை உள்ள காரியம் இது ஒன்றுதான். அதற்கு அப்போது டைவர்சிட்டி என்றெல்லாம் பெயர் கிடையாது.

அந்தப் பெயர் எனக்குப் பிற்பாடு வந்தது. நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது நான் இந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்தேன். சில வருடம் கழித்து, ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய கேள்வித்தாளில், உங்கள் நிறுவனத்தில் டைவர்சிட்டிக்குப் பொறுப்பு யார் என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. யாரும் இல்லை என்று எழுத முடியாதே. என் பெயரை எழுதி அனுப்பிவிட்டு மறுநாள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். உனக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கர்வப்படவும் இல்லை. உன்னை ஒரு கட்டத்தை நிரப்பத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள். கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்கள் எதிர்பார்க்காத வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். குழந்தைகள் காப்பகம் வந்தது. இரவு வண்டியில் பெண்களோடு ஒரு காவலாளி ஏறினார். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை வந்தது. காது கேட்காத பிள்ளைகளை எடுத்தோம், அவர்கள் குழுவில் இருந்தவர்கள் சைகை மொழி கற்றுக்கொண்டார்கள். இவையெல்லாம் பொய் இல்லை. வரவேற்பறையில் மாட்டிய பெரிய படங்களைப் பார்த்துச் சிரிக்கிறவள் நான், ஆனால் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பெண் காப்பகத்தின் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவதைக் கண்டு சிரித்ததில்லை.

எது நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டிடத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண்கள் லிஃப்ட்டுக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவர்கள் காண்ட்ராக்ட்காரரின் ஆட்கள், எங்கள் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களும் கேன்டீனில் உட்காரலாம் என்று நான் எழுதிப் போட்டபோது, நிர்வாகப் பிரிவில் உள்ளவர், மேடம், அவங்களுக்கே கூச்சமா இருக்கும், பாவம் என்றார். எத்தனையோ முறை போய்வந்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் கேன்டீனில் உட்காரலாம் என்று ஒரு நேரம் வாங்கினேன். அவர்களில் பாதிப் பேர் இன்னும் படிக்கட்டில்தான் சாப்பிடுகிறார்கள். காலியான ஹாலில் உட்காரச் சொல்வது என்ன அழைப்பு?

சாதியைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினேன். எங்கள் ஊழியர்களிடம் வருடாவருடம் நடத்தும் ஆய்வில் விருப்பப்பட்டவர்கள் பதில் சொல்லும்படி அந்தக் கேள்வியையும் சேர்க்கலாம் என்றேன். டைரக்டர் கேட்டுக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கே தெரியும். “நம்ம கேம்பஸ்ல அதெல்லாம் இல்லையே மேடம்” என்றார். காபி வந்தது. குடித்துக்கொண்டே, ஏதோ அப்போதுதான் தோன்றியதுபோல, “உங்களுக்கு நேட்டிவ் எது?” என்று கேட்டார். பெங்களூர்தான் என்றேன். “அதுக்கு முன்னாடி?” என்றார். “அதுக்கு முன்னாடியும் பெங்களூர்தான் சார்” என்றேன். இருவரும் சிரித்தோம். அத்தனை வருடம் என்னோடு வேலை பார்த்தவர் அந்த நிமிடம்தான் அதைக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உன் கல்யாண மேடையில் என் அண்ணன் இடத்தில் நீ நிறுத்த நினைத்திருப்பது இவரைத்தான். கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார். தான் யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

உன் பயத்தை நான் அறியாதவள் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் ஒருநாள் டிபன் டப்பாவை நிரம்பியபடியே திருப்பிக்கொண்டு வந்தாய். பசிக்கவில்லை என்றாய். உன்னோடு ஒரு வருடத்துக்கு மேலாக அதே டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்ட பெண், ஸ்காலர்ஷிப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்தபிறகு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்து, அதுவும் உன் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். நீ அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. எதையும் உள்ளே போட்டுப் பூட்டுவதில் நீ என் பெண்தான். அதனால்தான் கார்த்திக்கின் அம்மா முதல்முறை நம் வீட்டுக்கு வந்து, ஸ்ரீராம்புரத்தில் உங்களுக்கு யாரோ இருக்கிறார்களாமே என்று கேட்டபோது, நான் வாயெடுப்பதற்குள் நீ, “தூரத்துச் சொந்தம், ஆன்ட்டி” என்றாய். நான் காபித் தம்ளரைக் கீழே வைக்கவில்லை, நிமிரவும் இல்லை. கார்த்திக்குக்கு எல்லாம் தெரியும் என்றும் அவன் வீட்டாருக்கு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் இருவரும் பேசி வைத்திருக்கிறீர்கள் என்று அப்புறம் சொன்னாய். பயந்தவளை யார் குறை சொல்ல முடியும்? நானும் சொல்லவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நித்யா. அப்படிச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், உன்னோடு சேர்ந்து ஏதாவது வழி தேடியிருப்பேன். நீ சொன்னது வேறு. “அவர் அங்க கம்ஃபர்டபிளா இருக்க மாட்டாரும்மா. எல்லாரும் வந்து என்ன பண்றீங்கன்னு கேப்பாங்க. அவர் என்ன சொல்லுவாரு, பாவம்? அவருக்காகத்தான் சொல்றேன். நீ இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவ, உனக்குப் புரியும்.” எனக்குப் புரிந்தது. வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது. அவர்கள் பாதுகாப்புக்காக என்று மேனேஜர் சொன்னார், அவர்களுக்கே கூச்சமாக இருக்கும் என்று நிர்வாகப் பிரிவுக்காரர் சொன்னார். என் வேலையில் ஒருவர்கூட, எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, வெளியே நிறுத்து என்று என்னிடம் சொன்னதில்லை. ஒருவரை ஒதுக்க வேண்டுமென்றால் அவர் நலனைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். நீ ஹைதராபாத் போனதும் முதல் நாளிலிருந்தே இதைக் கேட்பாய். யாராவது இன்னொருவருக்காக இரக்கப்பட்டுப் பேசத் தொடங்கினால், அந்த இன்னொருவரைக் கேட்டாயிற்றா என்று பார். கேட்டாயிற்று என்றால், என்ன முகத்தோடு கேட்டார்கள், அவரால் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா என்றும் பார். உன் வேலைக்கு நான் தரக்கூடிய யோசனை இவ்வளவுதான். மற்றதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்ரீராம்புரம் போனேன். மண்டபத்தைப் பற்றிப் பேசுவதற்கு அல்ல, அது என் வாயில் வராது. தாய்மாமனுக்கு எடுத்து வைக்க வேண்டிய பட்டு வேட்டியும் சட்டையும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அதைக் கொடுத்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்தால் உனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அண்ணி கவரை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பீரோவுக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொள்ளட்டும் என்றேன். “அன்னிக்கு உங்க அண்ணனுக்கு டூட்டிம்மா” என்றாள். ஞாயிறு அவருக்கு வார லீவாயிற்றே என்றேன். அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. “கல்யாணத்துக்கு லீவு கேக்கிறவனைப் பார்த்திருக்கேன். டூட்டி கேக்கிற மனுசனை இப்பத்தான் பாக்கிறேன்” என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. நீ என்னிடம் கேட்பதற்கு முந்தின நாளே அவரைப் போய்ப் பார்த்துவிட்டாய். ஸ்வீட் பாக்ஸோடு போயிருக்கிறாய், பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறாய், உங்களுக்காகத்தான் மாமா என்றிருக்கிறாய். நீ கிளம்பியதும் அவர் நேராக மேஸ்திரியிடம் போய், அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னை லாரியில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். சொந்தக்காரர்கள் விசாரித்தால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. நீ அவரை விலக்கினாய் என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக்கூடாது என்று அந்தக் காரணத்தை அவரே உண்டாக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணி சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டார். கை கால் கழுவிவிட்டு வந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? பாப்பா நல்லாத்தான் சொல்லிச்சு. அந்த ஹாலு ஃபுல்லா ஏசியாம். எனக்கு ஏசி ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

“நீ எந்த ஏசியில உக்காந்து பார்த்தே, அண்ணா?”

“அதான், உக்காராமலே ஒத்துக்கல” என்றார். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரே மறுபடியும் பேசினார். சனிக்கிழமை விருந்துக்குச் சமையல்காரரிடம் பேசியாகிவிட்டது, விகாரையில் பூ அலங்காரம் தன் செலவு, அன்றைக்கு ஆசை தீர மாலை போட்டு உன்னைக் கைப்பிடித்து அழைத்து வருவேன், அது போதாதா என்றார். நான் எழுந்தபோது தெருமுனைவரை கூட வந்தார். ஆட்டோவை நிறுத்திவிட்டு, குனிந்து உள்ளே பார்த்து, மெதுவாக, “அன்னிக்கு யாரானா கேட்டா, டூட்டின்னு சொல்லிடும்மா. டூட்டின்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. பாப்பாவைத் திட்டாதே. அது குழந்தை, அதுக்கு இன்னா தெரியும்” என்றார்.

நீ குழந்தை இல்லை. உனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் யார் யாருக்கோ நாற்காலி கேட்டு நான் எழுதிய காகிதங்களையெல்லாம் யோசித்தேன். அதையெல்லாம் பார்த்துத்தானே நீ வளர்ந்தாய், பார்த்துப் பிடித்துப்போய்த்தானே இந்த வேலைக்கு வந்தாய். என்னிடமிருந்து நீ கற்றுக்கொண்டது அந்தப் பேச்சு மட்டும்தானோ என்று நினைத்தபோது, அவருக்காக அழுவதா உனக்காக அழுவதா என்று தெரியவில்லை. உன் அப்பா போன அன்றுகூட எனக்கு அழ வேண்டிய காரணம் தெளிவாக இருந்தது.

மாமாவை மண்டபத்துக்குக் கூப்பிடு என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லி நீ போய் அழைத்தால், அம்மா அனுப்பி வந்திருக்கிறாள் என்று உன்னைப் பார்த்ததுமே தெரிந்துகொள்வார், டூட்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிடுவார். நான் கூப்பிட்டால் வரமாட்டார். நீயாகவே போய்க் கேட்டால் வருவாரா என்பதும் எனக்குத் தெரியாது. ஒருமுறை, உங்களுக்காகத்தான் என்று சொல்லி விலகச் சொன்னபிறகு, திரும்பக் கூப்பிடும் குரலை அவர் எப்படி நம்புவார்? கார்த்திக் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடம் உத்தரவாதம் இல்லை. கல்யாணம் நிற்கலாம். அதை நீதான் எடைபோட வேண்டும். உனக்காக அந்த முடிவையும் நான் எடுத்தால், பயத்தைச் சுமக்கிறவள் நீயாகத்தான் இருப்பாய், பழி மட்டும் என் தலையில் வரும். அது எனக்குச் சுலபம், உனக்கு நல்லதில்லை.

என்னைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். உனக்கு அப்பா இல்லை, மேடையில் உன் பக்கத்தில் நிற்க நான் வேண்டும். எந்தப் புடவை கட்டச் சொல்கிறாயோ அதைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டு, சிரித்த முகத்தோடு நிற்பேன். உன் டைரக்டர் மாமாவுக்கும் மாலை எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அது தமிழ்க் கல்யாணம், கார்த்திக் வீட்டார் சொந்தம் விட்டுப்போகாத மனிதர்கள். பெண்ணோட தாய்மாமனைக் கூப்பிடுங்கள் என்று அய்யர் சொல்லும்போது, டைரக்டர் எழுந்து வந்ததும், இவர் கூடப்பிறந்தவரா என்று ஒரு பெரியம்மாவாவது என் காதருகே வந்து கேட்பாள். இல்லை என்றால், அப்போ உங்களுக்குக் கூடப்பிறந்தவரே இல்லையா என்று கேட்பாள்.

டூட்டி என்று சொல்லிப் பார்த்தேன். நேற்று சமையலறையில் தனியாக நின்று, சத்தமாக, இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்த பதில் அது, சொன்னால் எல்லாருக்கும் நல்லது. எப்படிச் சொன்னாலும் அது என் பேச்சாக இல்லை. அதனால் இப்போதே உனக்குத் தெரியப்படுத்துகிறேன், அந்த நிமிடத்தில் நீ அதிர்ந்து என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நானாக யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டால், “இருக்கார். நாங்கதான் கூப்பிடல” என்பேன்.

அம்மா